மோட்டாருக்குச் சுருதி கூடிய கச்சேரி

மார்கழி, சனிக்கிழமை இரவு.

எங்கள் சங்கீத சபையின் மூன்றாவது கச்சேரிக்கு இருநூறு பேர் வந்தார்கள். நாற்காலி நாற்பதுதான், மீதிப்பேர் என் வரவேற்புரைக்காகவே நின்றிருப்பார்கள்.

வர்ணம் முடிந்ததும் வயலின்காரம்மா வில்லை இறக்கினார். "அண்ணே, பக்கத்துக் கம்பெனி மோட்டார் சத்தம் ஏறிக்கினே போவுது. இன்னான்னு கேளுங்க."

"அங்க இன்சார்ஜே நம்ம மாப்பிள்ளதாம்மா. உனக்குச் சுருதி கூட்டுறாரு, நீ வாசி" என்றேன். ஹாலே சிரித்துக் கைதட்டியது.

மாப்பிள்ளை அங்கே ஹெல்பர், இன்று அவருக்கு நைட் ஷிப்ட். அந்த மோட்டார் பக்கத்தில்தான் நிற்பார். அப்போதே போன் செய்திருக்கலாம். கைதட்டலில் உட்கார்ந்துவிட்டேன்.

சத்தம் இப்போது வீடுவரை கேட்கிறது, இன்னும் ஏறுகிறது. ஏழுமுறை போன் அடித்தும் மாப்பிள்ளை எடுக்கவில்லை. மகள் அடுத்த அறையில் தூங்குகிறாள். எழுப்பி என்னவென்று சொல்வது?