புருவம் தூக்கத் தெரியாதவன்

ஸ்தாவங்கர்,
9 ஜனவரி 1990

திரு. அஸ்லாக் ஹௌகன் அவர்களுக்கு,

நலம் விசாரித்துக்கொள்ளும் நிலையில் நாம் இருவரும் இல்லை. உங்களோடு தொலைபேசியில் பேச வழியில்லை என்பதால்தான் இந்தக் கடிதம்.

என்னிடமிருந்து விலகிய மாரித் இப்போது உங்கள் வீட்டில் இருக்கிறாள். அதைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. என் மகள் இல்வாவும் அங்கேதான் இருக்கிறாள். அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது.

ஈஸ்டர் வாரம் இல்வாவை மலைக்குடிலுக்கு அழைத்துப்போகிறேன் என்று மாரித்திடம் சொன்னேன். அவள் பதில் இது: “உனக்கு அவகிட்ட ஒரு வார்த்தை பேசத் தெரியாது, விதார். ஒரு வாரம் பூரா ரெண்டு பேரும் சுவரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்களா? அஸ்லாக்கிட்ட வந்து கத்துக்கோ. அவன் சரின்னு சொன்னா கூட்டிட்டுப் போ.”

இரண்டு வயதில் மூளைக்காய்ச்சலில் இல்வாவுக்குக் காது போனது. இப்போது ஏழு வயது. இடையில் பெற்றோருக்கான சைகை மொழி வகுப்பு நடந்தபோதெல்லாம் நான் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலையில் இருந்தேன். அது என் குற்றம் அல்ல. புத்தகம் வாங்கினேன். நானூறு சைகைகள், ஒவ்வொன்றுக்கும் படம், அம்புக்குறி. வரைபடம் பார்த்து இயந்திரம் பூட்டுகிறவன் நான். நானூறும் மனப்பாடம்.

நவம்பரில் குடிலுக்கு வந்த இல்வா இரண்டாம் நாளே பையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உண்மைதான். குழந்தைக்கு வீட்டு நினைப்பு வருவது சகஜம். உங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டேன். மாரித் அதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறாள்.

எனக்குப் பாடம் தேவையில்லை என்று மாரித்திடம் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இப்படிக்கு,
விதார் ரூத்


த்ரொண்ட்ஹைம்,
15 ஜனவரி

விதார்,

என் அடுக்களையில் உன் மகள் தினமும் கஞ்சி குடிக்கிறாள். நமக்குள் என்ன “அவர்களுக்கு”? நீ என்றே எழுதுகிறேன்.

காது கேட்பவர்கள் என்னிடம் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். நான் தேவையில்லை என்று என்னிடமே சான்றிதழ் கேட்டவன் நீ ஒருவன்தான்.

உன் கடிதத்தில் மூன்று எழுத்துப் பிழைகள். அச்சகத்தில் பிழை திருத்துவது என் பிழைப்பு. கை சும்மா இருக்கவில்லை. சிவப்பு மையில் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன்.

நான் பிறந்ததிலிருந்து காது கேளாதவன். கையால் பேசியதற்காகப் பள்ளியில் என் விரல்களில் அடித்தார்கள். அடி வாங்கிக் காப்பாற்றிய மொழியை அம்புக்குறி பார்த்து முடித்துவிட்டேன் என்கிறாய். எனக்குக் கோபம் வருகிறது. மறைக்கப் போவதில்லை.

மாதக் கடைசிக்குள் நீ கரைக்கு வருவாய் என்று மாரித் சொன்னாள். வந்ததும் ஒரு சனிக்கிழமை பதினொரு மணிக்கு வா. குரல் கூடாது. பேனா கூடாது. மாரித் வெளியே போய்விடுவாள். வாஃபிள் அப்பம் சுடுவேன்.

அஸ்லாக்


ஸ்தாவங்கர்,
4 பிப்ரவரி

அஸ்லாக்,

இனி “நீங்கள்” எல்லாம் உனக்குக் கிடையாது.

நேற்று உன் அடுக்களையில் நடந்ததற்குப் பெயர் பாடம் இல்லை. இல்வாவிடம் கேட்டேன்: வாஃபிள், இன்னும், வேண்டும். மூன்று சைகையும் சுத்தம், புத்தகத்தில் உள்ளபடி. சாப்பிட்டாள். மறுபடி கேட்டேன். சாப்பிட்டாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நான் கேட்கிறேன், அவளுக்குப் புரிகிறது! ஐந்தாவதைக் கையில் எடுத்தபோது அவள் கண்ணில் தண்ணீர். பிறகு உன் மேசை விரிப்பின் மேலேயே வாந்தி.

நீ சிரித்தாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பேனா கூடாது என்றவன் நீயே பேனாவை எடுத்து, செய்தித்தாள் ஓரத்தில், “இவளை இன்னும் எத்தனை தின்ன வைக்கப் போகிறாய்?” என்று எழுதினாய். அப்புறம் என் முன்னால் கண்ணாடியை நிறுத்தி, புருவத்தைத் தூக்கு, இறக்கு, கன்னத்தை உப்பு என்று குரங்காட்டி மாதிரி ஆட்டி வைத்தாய். அழுது முடித்த என் மகளும் உன்னோடு சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

எனக்கு முப்பத்தொரு வயது. என் சொல்லுக்குக் கட்டுப்பட்டு எண்ணெய் மேடையில் ஒரு குழுவே வேலை செய்கிறது. என் முகம் சர்க்கஸ் முகம் இல்லை. இனி வரமாட்டேன்.

விதார்


த்ரொண்ட்ஹைம்,
9 பிப்ரவரி

விதார்,

சிரித்தது தப்பு. மற்றது எதுவும் தப்பில்லை.

புருவம் எங்களுக்கு அலங்காரம் இல்லை, இலக்கணம். தூக்கினால் “வேணுமா?”. தூக்காவிட்டால் “வேணும்.” நீ அவளிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. “இன்னும் தின்னு, இன்னும் தின்னு” என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். அப்பா சொல்கிறாரே என்று அவளும் தின்றாள். உன் புத்தகத்தைப் புரட்டிப் பார். கைகளை மயிர்க்கால் விடாமல் வரைந்திருப்பார்கள்; முகத்துக்கு வெறும் முட்டை வட்டம்.

இன்னொன்று. சொல்லாமலே விட்டிருப்பேன்; நீ எழுதிய தினுசு சொல்ல வைக்கிறது. நவம்பரில் குடிலில் அவள் அழுதாள் அல்லவா? புதுக் காலணி கடித்ததற்கு அழுதாள். நீ அவளிடம் வீடு, போக, வேண்டும் என்று கை காட்டினாயாம், இதே கல் முகத்தோடு. வந்த அன்றே என்னிடம் சொன்னாள்: “அப்பா என்னை வீட்டுக்குப் போன்னு சொல்லிட்டாரு. அதான் பையைக் கட்டினேன்.”

அவளுக்குப் போக மனமே இல்லை.

அஸ்லாக்


ஸ்தாவங்கர்,
13 பிப்ரவரி

அஸ்லாக்,

உனக்கு நவம்பரிலேயே தெரியும்.

வழி முழுக்க அவள் காரின் பின்னிருக்கையில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். என்னோடு இருக்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். அப்பா என்னைத் துரத்திவிட்டாரே என்று அவள் பின்னால் உட்கார்ந்திருந்திருக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு நான் அனுப்பிய பரிசைப் பிரிக்கும்போது என்ன நினைத்தாள்? உனக்குத் தெரியும், நீதான் பக்கத்தில் இருந்தாய். ஒரு தபால்தலை போதும், எனக்கும் தெரிந்திருக்கும்.

நீ சொல்லவில்லை. என் இடம் காலியாக இருப்பது உனக்கு வசதி. ஊரான் கடிதத்தில் எழுத்துப் பிழைக்குச் சிவப்பு மை எடுக்கிறவனுக்கு இந்தப் பிழை மட்டும் கண்ணில் படவில்லையா?

உனக்கு மொழி தெரியும். அதனால் நீ நல்லவன் ஆகிவிட மாட்டாய். எனக்கு முகம் தெரியாது. அதனால் நான் கல் ஆகிவிட மாட்டேன்.

சனிக்கிழமை வருகிறேன். கண்ணாடியை எடுத்து வை. மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஈஸ்டருக்குள் எனக்கு வேறு வாத்தியார் கிடைக்கமாட்டார், அவ்வளவுதான்.

விதார்


கடல் மேடை,
3 ஏப்ரல்

அஸ்லாக்,

இத்தனை சனிக்கிழமைகளில் நீ ஒரு தடவைகூடப் பரவாயில்லை என்று சொன்னதில்லை. இனியும் சொல்லாதே. சொன்னால் எரிச்சல்தான் வரும்.

போன வாரம் கிளம்புகிற அவசரத்தில் உன்னிடம் ஒன்றைச் சொல்லவில்லை. நீ ரொட்டி வாங்கப் போயிருந்தபோது இல்வாவிடம் கேட்டேன். புருவத்தை மண்டை வரைக்கும் தூக்கிக்கொண்டு கேட்டேன்.

“ஈஸ்டருக்கு என்னோட குடிலுக்கு வர்றியா?”

“மாட்டேன்.”

ஏன் என்றேன். நீ சொல்லித்தந்தபடி புருவத்தைச் சுளித்துத்தான் கேட்டேன். அவள் கைகள் பறந்தன. எனக்குப் பாதிதான் பிடிபட்டது. “மறுபடி,” என்றேன். சொன்னாள். “மறுபடி.” கடைசியில் ஏதோ கைக்குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

“அங்க போனா நீ என்னைத் திருப்பி அனுப்பிடுவே.”

“அனுப்பல. அது கேள்வி. போகணுமான்னு கேட்டேன்.”

“கேள்வி இல்ல. நான் பாத்தேனே.”

“அப்ப எனக்குக் கேக்கத் தெரியாது. இப்பதான் கத்துக்கிறேன்.”

“யார்கிட்ட?”

“அஸ்லாக்கிட்ட.”

இதைச் சொல்ல என் கை பட்ட பாட்டை நீ பார்க்காமல் போனது நல்லதாயிற்று.

அவள் கொஞ்சம் யோசித்தாள். “சரி,” என்றாள். “ஆனா மாட்டேன்.”

கோபம் வந்தது. கேட்கக் கற்றுக்கொடுத்தாயே, மாட்டேன் என்றால் என்ன செய்வது என்று கற்றுக்கொடுத்தாயா? குடிலுக்கு விறகு அடுக்கியாயிற்று. ஆரஞ்சு ஒரு கூடை வாங்கியாயிற்று. அவள் காலுக்குக் கடிக்காத காலணியும் வாங்கியாயிற்று. அவளைச் சரிக்கட்ட என்னிடம் காரணங்கள் வரிசையாக இருந்தன. சைகைதான் கிடைக்கவில்லை. அதனால் இன்னொன்று கேட்டேன்: “அப்ப உனக்கு என்ன வேணும்?”

“பகல்ல போலாம். சாயங்காலம் இங்க கொண்டாந்து விடணும். தினமும்.”

போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை. பூட்டிய குடில் இரவெல்லாம் சும்மா கிடக்க, நான் உங்கள் ஊர் விடுதியில் தூங்க வேண்டும். இதைவிட முட்டாள்தனமான திட்டத்தை என் குழுவில் யாராவது கொண்டுவந்தால் கடலில் தள்ளியிருப்பேன்.

சரி என்றேன்.

ஈஸ்டர் வாரம் தினமும் காலை எட்டுக்கு உன் வாசலில் நிற்பேன். மாரித்திடம் நீ சொல்லிவிடு. காபி தரத் தேவையில்லை. நவம்பரை நான் மறக்கவில்லை.

விதார்


த்ரொண்ட்ஹைம்,
22 ஏப்ரல்

விதார்,

காபி தந்தேன். குடித்தாய். வாரம் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

பெரிய வெள்ளியன்று இரவுச் சாப்பாட்டில் இல்வா மலைக்கதை சொன்னாள். நரித் தடம், நீ சறுக்கி விழுந்து மீசையெல்லாம் பனியானது, இன்னும் என்னென்னவோ. நான் தலையாட்டினேன். “புரிஞ்சிடுச்சு, சாப்பிடு,” என்றேன். முள்கரண்டியை வைத்துவிட்டு, மேசை அதிர ஒரு தட்டு தட்டினாள்.

“நீ எப்பவும் இப்படித்தான். நான் பாதி சொல்றதுக்குள்ள புரிஞ்சிடுச்சுங்கறே. அப்பா புரியலன்னா மறுபடின்னு கேக்கறாரு. முடியுற வரைக்கும் பாத்துக்கிட்டே இருக்காரு.”

மாரித்தைப் பார்த்தேன். அவள் உருளைக்கிழங்கை மிக அக்கறையாக உரித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பரிந்து ஒரு விரல் அசையவில்லை.

உன் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இந்த மொழி என் வீடு. நீ நேற்று வந்து வாசலில் இடறி விழுந்தவன். இன்றைக்கும் நீ “மலை” என்றால் எனக்குப் பானை மாதிரிதான் தெரிகிறது. உன்னைக் காட்டி எனக்குப் பாடமா? இரண்டு நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதுவும் முகத்தால் பேசுகிற வீட்டில்.

நவம்பரைப் பற்றி நீ எழுதியதற்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. “நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை” என்று ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். பலமுறை படித்துப் பார்த்தேன். அதில் எழுத்துப் பிழை இல்லை. ஆனால் அது பொய். “என் இடம் காலியாக இருப்பது உனக்கு வசதி” என்று நீ எழுதினாயே, அதுதான் சரி.

நேற்று அவள் பள்ளியில் நடந்த சண்டை ஒன்றைச் சொல்ல வந்தாள். வழக்கம்போலப் பாதியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. தலையாட்டப் போனவன் கையைத் தூக்கி, “மறுபடி,” என்றேன். கேலி செய்கிறேனோ என்று சந்தேகமாகப் பார்த்தாள். அப்புறம் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

அதன் முடிவு நான் நினைத்தது இல்லை.

அஸ்லாக்