அம்மாவின் இரண்டாவது படம்

அன்பு மகள் சிட்டுவுக்கு,

உடம்பளவில் நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும், எப்போதும் அதே நினைப்புதான். அம்மாவும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், பக்கத்தில் இருந்து அவள் கேட்பாள், அதனால்தான் கடிதம்.

கொஞ்ச காலமாக அவளுக்கு வார்த்தைகள் தவறிப்போகின்றன என்று சொல்லியிருந்தேன் அல்லவா, கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே, இந்த வெட்டறதுக்குப் பேர் என்னங்க என்பாள். போன மாதம் கடைத்தெருவிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் மருந்துக்கடை வாசலில் நின்றிருக்கிறாள், கடைக்காரர்தான் கூட்டிவந்து விட்டார். டாக்டரம்மா மூளையைப் படம் எடுத்துவிடலாம் என்றார், எங்கள் ஆஸ்பத்திரியில், நான் பராமரிக்கும் அதே காமா கேமராவில். லேசான கதிர்வீச்சு உள்ள மருந்தை ஊசியில் ஏற்றினால் அது மூளையில் ரத்தம் ஓடுகிற இடமெல்லாம் போய்ச் சேரும், கேமரா தலையைச் சுற்றிவந்து அதைப் படமாக்கும், ரத்தம் குறைந்த இடம் இருட்டாகத் தெரியும். அம்மாவுக்குக் காதுக்கு மேலே இரண்டு பக்கமும் இருட்டு. ஆனால் படமே மங்கல், நடுவே வட்ட வட்டமாகக் கறை வேறு. மெஷின்லதான் கோளாறு மேடம் என்று உடனே சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்து, சரி, பாருங்க, உங்க மனசும் ஆறும் என்றார்.

நம்பமாட்டாய், உண்மையிலேயே கோளாறு இருந்தது. காலைச் சோதனையின்போது கேமரா அசையாமல் நிற்கும், அப்போது எல்லாம் சரியாகவே காட்டும். அதை ஒவ்வொரு கோணமாகத் திருப்பி நிறுத்திப் பார்த்தேன், கீழ்ப்பக்கம் போகும்போது மட்டும் உள்ளே ஒளியை அளக்கும் குழாய் ஒன்று துவண்டுபோனது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது எனக்கு. குழாயை மாற்றி, எல்லாவற்றையும் முதலிலிருந்து அளந்து நேர்செய்து, மனிதத் தலை மாதிரி இருக்கும் டப்பாவில் மருந்துத் தண்ணீரை நிரப்பிச் சுற்றவிட்டேன், படம் கண்ணாடியாக வந்தது. அன்று பாடிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன், என் குரலைக் கேட்டு அம்மா, தெருநாயெல்லாம் தெருவைக் காலி பண்ணிடும் என்று கேலி செய்தாள்.

குழாய் கெட்டிருந்தபோது படம் எடுத்தவர்களையெல்லாம் திரும்பக் கூப்பிட்டோம். ஒரு பஸ் டிரைவர், மூளையில் கோளாறு என்று வேலையிலிருந்து நிறுத்திவைத்திருந்தார்கள், இரண்டாவது படத்தில் அவருக்கு ஒன்றுமே இல்லை, எல்லாம் அந்தக் குழாய் செய்த வேலை. மனுஷன் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அடுத்து அம்மா போய்ப் படுத்தாள். வட்டக் கறை போயிருந்தது, மங்கலும் போயிருந்தது, இருட்டு மட்டும் போகவில்லை சிட்டு, ஓரம் வரைந்த மாதிரி முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. மறதி நோய்தான், இனிமே சந்தேகமில்லை என்றார் டாக்டரம்மா. இத்தனை வருஷ வேலையில் அந்த மெஷின் பொய் சொல்லக்கூடாதா என்று ஏங்கியது அன்றைக்குத்தான்.

படத்துல என்ன தெரிஞ்சுது என்று அம்மா கேட்டாள், மழுப்பினேன். நீங்க சரிபண்ண மெஷின்தானே, சரியாத்தான் சொல்லியிருக்கும், என்கிட்ட மறைக்காதீங்க என்றாள். சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நான் முதல்ல யாரை மறப்பேன் என்றாள்.

மாத்திரை ஆரம்பித்திருக்கிறோம், கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்க உதவும், போனதைத் திருப்பித் தராது. லீவைச் சேர்த்துவைத்துக்கொண்டு வரலாம் என்று இருக்காதே, கிடைக்கிற நாலு நாளோ ஐந்து நாளோ, இப்போதே வா, குழந்தையையும் கூட்டிவா. உன்னை வைத்துக்கொண்டு அழமாட்டேன், முயற்சி செய்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையோடு வீம்பு பிடிக்காதே. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும்.

ஒன்று மட்டும் நினைவில் வை. அம்மாவிடம் போனில் பேசும்போது, நான் யாருன்னு சொல்லு பார்ப்போம் என்று விளையாட்டுக்குக்கூடக் கேட்காதே. எடுத்ததும், அம்மா, நான் உன் மக சிட்டு பேசறேன் என்று நீயே சொல்லிவிடு.

அன்புடன்,
உன் அப்பா