மலை மேல் கேட்ட பெயர்

ராமச்சந்திராபுரம்
27 ஏப்ரல் 2024

விஷயம்: ரஷ்மி அனுப்பிய புக்கிங்

ப்ரியம்வதா,

இங்கு க்ஷேமம். போனில் பேசினால் நாலாவது வாக்கியத்தில் குரல் உயர்ந்துவிடுகிறது, ஏதாவது சொல்ல இருந்தால் மெயிலில் எழுதுங்கள் என்று நீ சொன்னபடி எழுதுகிறேன்.

ஜூன் கடைசியில் நான் ரிட்டையர் ஆவதற்காக நம் பெண் புனாவிலிருந்து ஒரு பரிசு அனுப்பியிருக்கிறாள். விகாராபாத் தாண்டி ஓர் ஏரி. அதன் கரையில் மரத்தால் கட்டிய காட்டேஜ். மே பதினெட்டு, பத்தொன்பது, சனி ஞாயிறு, இரண்டு பேருக்கு. பின்னால் இருக்கும் மலையில் ஏறி இறங்கப் பாதையும் இருக்கிறதாம். "அப்பா, யூ போத் நீட் திஸ்" என்று கீழே ஒரு வரி போட்டிருக்கிறாள்.

தீபாவளியிலிருந்து நீ திருமுல்கேரியில் தனியாக இருப்பது பள்ளிக்கூடத்துக்கு இங்கிருந்து பஸ்ஸில் போய்வர முடியாததால்தான் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறோம். இப்போது போகவில்லை என்றால் காரணம் கேட்பாள். எனக்குப் பொய் சரளமாக வராது. நீதான் சொல்ல வேண்டியிருக்கும்.

வருவதா இல்லையா என்று தெரிவிக்கவும். குவார்ட்டர்ஸ் வாசலில் மாமரம் இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது. பறிக்க ஆளில்லை.

இப்படிக்கு,
விஸ்வநாத்


திருமுல்கேரி
30 ஏப்ரல் 2024

நமஸ்காரம்.

மெயில் கிடைத்தது. "விஷயம்" என்று தலைப்பெல்லாம் போட்டிருந்தீர்கள். ஜெனரல் மானேஜருக்கு நகல் போயிருக்கிறதா என்று கடைசிவரை தேடிப் பார்த்தேன்.

வருகிறேன். ரஷ்மிக்காகத்தான். பள்ளிக்கூடம் லீவு, இங்கே மாடி போர்ஷனில் வெயில் மண்டையைப் பிளக்கிறது, அதற்காகவும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மலையில் நடக்கிறதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊட்டியிலும் சரி, ஸ்ரீசைலத்திலும் சரி, திருப்பதி மலைப்படியிலும் சரி, நடந்தது இதுதான். நீங்கள் விறுவிறுவென்று முன்னால் போவீர்கள். எங்கேயாவது ஒரு கல்லில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு காற்று வாங்குவீர்கள். நான் மூச்சிரைக்க வந்து சேர்வேன். என் தலை தெரிந்ததுமே எழுந்து, "போலாமா?" என்பீர்கள். உங்களுக்கு ஓய்வு ஆகிவிட்டது. எனக்கு? இத்தனை வருஷத்தில் அந்தக் கல்லில் நான் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. இதை நான் மலைக்கு மட்டும் சொல்லவில்லை.

பஸ்ஸும் ஒரு காரணம்தான். அது பொய்யில்லை. ஆனால் பஸ்ஸுக்காக மட்டும் யாரும் வீடு மாறுவதில்லை என்று உங்களுக்கும் தெரியும்.

அப்புறம், போனில் குரல் உயர்கிறது என்கிறீர்கள். உயராமல் என்ன செய்யும்? திரையில் என் பெயர் தெரியும். எடுத்ததும் "யாரு?" என்பீர்கள். ஃபாக்டரி கன்ட்ரோல் ரூம் பழக்கம் என்று சொல்லாதீர்கள். ரஷ்மி கூப்பிட்டால் மட்டும் "சொல்லுடா கண்ணா" என்றுதானே எடுக்கிறீர்கள்.

மாங்காயைப் பற்றிப் பக்கத்து வீட்டு எலிசபெத்திடம் சொல்லுங்கள். ஆள் வைத்துப் பறித்து, ஊறுகாயும் போட்டுக் கொடுப்பாள். பாதியை அவளே எடுத்துக்கொள்வாள், கண்டுகொள்ளாதீர்கள்.

ப்ரியம்வதா


ராமச்சந்திராபுரம்
3 மே 2024

விஷயம்: நடை, மற்றும் வீடு

ப்ரியம்வதா,

மலையில் உன்னோடேயே நடக்கிறேன். எழுத்தில் தந்துவிட்டேன், பிறகு மாற்றிப் பேச முடியாது.

அடுத்தது வீடு. ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியைக் கொடுக்க வேண்டும். மியாப்பூரில் நாம் வாங்கிப் போட்ட ஃப்ளாட்டில் இருப்பவர்கள் ஜூலையில் காலி செய்கிறார்கள். சாமான் ஏற்றுகிறவன் வந்து பார்த்துவிட்டுப் போனான். ஒரு லாரியா, இரண்டு லாரியா என்று கேட்கிறான். அதாவது எல்லாமே மியாப்பூருக்கா, அல்லது உன் பீரோ, தையல் மெஷின் எல்லாம் திருமுல்கேரிக்கா என்று. மே கடைசியில் சொல்கிறேன் என்றிருக்கிறேன். நீ சொன்னால்தான் நான் சொல்ல முடியும்.

மியாப்பூரில் மெட்ரோ இருக்கிறது. அமீர்பேட்டில் மாறினால் பரேட் கிரவுண்ட். அங்கிருந்து உன் பள்ளிக்கூடத்துக்கு ஆட்டோ கிடைக்கும். பஸ் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. வேறு காரணமும் உண்டு என்று எழுதியிருக்கிறாய். அது என்னவென்று எழுதவில்லை.

இப்படிக்கு,
விஸ்வநாத்


திருமுல்கேரி
14 மே 2024

நமஸ்காரம்.

நேற்று முழுக்க எலெக்‌ஷன் டியூட்டி. பள்ளிக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்து விரல் விரலாக மை வைத்து என் விரலும் கறுத்துவிட்டது. அதனால் பதில் தாமதம்.

வேறு காரணம் என்னவென்று எழுதவில்லை என்கிறீர்கள். எழுதிவிட்டேன். போன மெயிலைத் திரும்பப் படியுங்கள்.

லாரிக்குப் பதில் ஏரியிலிருந்து திரும்பி வந்து சொல்கிறேன். யோசிக்காமல் சொல்லக்கூடிய விஷயமில்லை.

காபிப் பொடி நான் கொண்டுவருகிறேன். ஃபில்டர் உங்களிடம்தான் இருக்கிறது, மறந்துவிடாதீர்கள்.

ப்ரியம்வதா


ராமச்சந்திராபுரம்
21 மே 2024

விஷயம்: ஏரிக்கரைப் பயணம்

ப்ரியம்வதா,

கால் வீக்கம் எப்படி இருக்கிறது? எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு ஒன்றுமில்லை என்று ரஷ்மி சொன்னாள். வெந்நீரில் கல்லுப்பு போட்டு ஒத்தடம் கொடு.

மொத்தத்தில் பயணம் நன்றாகவே இருந்தது என்பது என் அபிப்ராயம். சனிக்கிழமை மத்தியானம் ஒரு மழை பெய்து ஓய்ந்ததும் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோமே, அப்போது நாம் சண்டை போடவில்லை. நீ காலைத் தூக்கிக் கம்பியின் மேல் வைத்துக்கொண்டு இரண்டாவது காபி கேட்டாய். நானே கலந்து கொடுத்தேன். சர்க்கரை கூட என்றாய், ஆனாலும் குடித்தாய். வாட்ச்மேன் வந்து சாப்பாட்டுக்கு மீன் பொரிக்கட்டுமா என்று கேட்டதும், நாம் புல் தின்கிற ஜாதி என்பதை நீ அவர் பாஷையிலேயே, "நக்கோ பாய், ஹம் காஸ் கானேவாலே" என்று சொன்னாயே. அந்த ஆள் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துவிட்டேன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நீ ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தாய். ஒரு லாரி போதும் என்று நான் அப்போதே மனசில் முடிவு செய்துவிட்டேன். உன்னிடம் கேட்காமல் செய்ததால் சொல்லவில்லை.

ஞாயிறு நடையைப் பற்றி. ஆலமரம் வரை உன்னோடுதான் வந்தேன். அதை நீ மறுக்க முடியாது. அதற்கு மேல் ஓர் இடத்திலிருந்து ஏரி முழுவதும் தெரியும் என்று வாட்ச்மேன் சொல்லியிருந்தார். நீ மெதுவாக வா, நான் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறேன் என்று கொஞ்சம் எட்டி நடந்தேன். மேலே நல்ல பாறை. நல்ல காற்று. உட்கார்ந்திருந்தேன். கீழே யாரோ ஒரு பெண்பிள்ளை "விஸ்வநாத், விஸ்வநாத்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். என் பேரில் இன்னொரு ஆசாமியும் மலைக்கு வந்திருக்கிறான், பெண்டாட்டியைக் கத்தவிட்டு எங்கேயோ போய்விட்டான் என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது. உன்னிடம் சொல்லலாம் என்று இறங்கி வந்தால், நீ இல்லை. அதற்குள் வாட்ச்மேன் உன்னைக் கைத்தாங்கலாகக் காட்டேஜுக்கு அழைத்துப் போயிருந்தார்.

திரும்பி வரும்போது காரில் நீ முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டே வந்தாய். வலி என்று புரிந்துகொண்டேன்.

லாரிக்காரன் மறுபடி கேட்டான். பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
விஸ்வநாத்


திருமுல்கேரி
26 மே 2024

அன்புள்ள விஸ்வநாத்,

பயப்படாதீர்கள். மேலே எழுதியிருப்பது உங்கள் பெயர்தான். மலையில் கூப்பிட்டதும் உங்களைத்தான். கூப்பிட்டது நான்.

ஆலமரம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சரளைக்கல்லில் கால் வழுக்கி, பாதம் மடங்கிவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. "ஏன்னா, ஏன்னா" என்றுதான் முதலில் கூப்பிட்டேன். கல்யாணத்திலிருந்து எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே. பெயர் சொல்லி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. பாங்கில் கேட்டால்கூட ரஷ்மி அப்பா என்பேன், கிளார்க் சிரிப்பார். ஆனால் "ஏன்னா" என்பது சமையலறையிலிருந்து கூடத்துக்குக் கேட்கிற சத்தம். மலைக்கு அது போதவில்லை. அங்கே எந்தப் புருஷனைக் கூப்பிடுகிறேன் என்று யாருக்குத் தெரியும்? அப்புறம் வெட்கத்தை விட்டுப் பெயர் சொல்லிக் கத்தினேன். தொண்டை கட்டும்வரை கத்தினேன். ரெண்டு திருப்பம் கீழே இருந்த வாட்ச்மேனுக்குக் கேட்டது. ஓடி வந்தார்.

உங்களுக்குக் கேட்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். காற்று எதிர்ப்பக்கம் அடித்திருக்கும், பாவம், என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் எக்ஸ்ரே எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டு போனேன். இப்போது உங்கள் மெயிலைப் படித்த பிறகுதான் தெரிகிறது, கேட்டிருக்கிறது. யாரோ ஒருத்தி, யாரோ ஒருவனை. முதலில் கோபம் வந்தது. அப்புறம் அழுதேன். அப்புறம் எழுந்துபோய்த் துணி உலர்த்தினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் எனக்கும் ஒரு லாரிதான் தோன்றியது. அதை மறைக்க விரும்பவில்லை. அந்தக் காபியில் சர்க்கரை கூடத்தான், ஆனாலும் நன்றாக இருந்தது.

ஆனால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வாட்ச்மேன் வருவதற்கு முன்னால், கத்தி ஓய்ந்து, பக்கத்தில் இருந்த ஒரு கல்லின் மேல் நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன். ஏரி அங்கிருந்தே தெரிந்தது, அதற்காக உச்சிக்குப் போக வேண்டியதில்லை. கால் விண்விண்ணென்று தெறித்தது. இருந்தாலும் "போலாமா?" என்று கேட்க யாரும் இல்லை. எனக்கு அது பிடித்துவிட்டது. இந்த மாடி போர்ஷனில் தினமும் சாயங்காலம் எனக்குப் பிடிப்பதும் அதுதான். அதை விட்டுவிட்டு மியாப்பூருக்கு வர என்னால் முடியாது.

இரண்டு லாரி சொல்லிவிடுங்கள். பீரோவும் தையல் மெஷினும் போதும். ஃபில்டரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நான் புதிதாக ஒன்று வாங்கிவிட்டேன். ரஷ்மியிடம் நானே பேசுகிறேன். இந்தத் தடவை பஸ்ஸைப் பற்றிச் சொல்லப்போவதில்லை.

பிரஷர் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட்டுக்கொள்ளுங்கள், பின்னால் இல்லை.

ப்ரியம்வதா


ராமச்சந்திராபுரம்
2 ஜூன் 2024

அன்புள்ள ப்ரியம்வதா,

விஷயம் என்று எழுதி, அதற்கு எதிரே போட ஒன்றும் தோன்றாததால் அழித்துவிட்டேன்.

இரண்டு லாரி சொல்லியாகிவிட்டது. உன்னுடையது சின்ன வண்டி. மாடிக்கு ஏற்றிக் கொடுக்க ஆட்களையும் அவனே கூட்டிவருவான். எலிசபெத் ஊறுகாய் போட்டுக் கொடுத்தாள். நீ சொன்னபடி பாதிதான் வந்தது. அதில் ஒரு பாட்டில் உன் வண்டியில் வரும்.

நீ கூப்பிட்டது எனக்கு நன்றாகவே கேட்டது. காற்றின் மேல் பழி போட முடியாது. அந்தப் பெயரை ஃபாக்டரியில் நாள் முழுக்கக் கேட்டிருக்கிறேன். வீட்டில் யாரும் சொன்னதில்லை. அதனால் அது நான்தான் என்று தோன்றவில்லை. சமாதானம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. நடந்தது இது.

உன் முதல் மெயிலைத் திரும்பப் படித்தேன். நீ காரணத்தை எழுதித்தான் இருக்கிறாய்.

ஒரு வேண்டுகோள். இப்போதே என்றில்லை, என்றைக்காவது உனக்குத் தோன்றினால், போன் செய்து அந்தப் பெயரை ஒரு தடவை சொல். வேறு ஒன்றும் பேச வேண்டாம், வைத்துவிடலாம். குரலைத் தெரிந்து வைத்துக்கொள்கிறேன்.

எடுத்ததும் "யாரு?" என்று கேட்க மாட்டேன்.

விஸ்வநாத்