சுவரில் மிச்சம் இல்லை

செப். 12, வெள்ளி

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. சாத்தூர் பஸ்ஸில் நின்றபடியே கல்லூரி. லேபில் ஏ.சி. ரிப்பேர்.

ஒருவழியாகக் கணக்கு முடிந்தது. தாயில்பட்டிப் பக்கத்துப் பட்டாசு கம்பெனிக்கான மூடிய சரிவுப்பாதை. சரிவை ஏற்கெனவே மாட்டிவிட்டு இந்த அறிக்கைக்காகத்தான் காத்திருக்கிறார்கள். மேலே கொட்டும் மருந்துத்தூள் பித்தளைத் தகட்டில் இறங்கி, வளைவில் திரும்பி, அடுத்த அறையில் விழும். ஆள் பக்கத்தில் நிற்க வேண்டாம். காற்று, தூள் இரண்டையும் கம்ப்யூட்டரில் ஓடவிட்டதில் எல்லாம் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அறிக்கையின் கடைசி வரி: 'சுவரில் மிச்சம் இல்லை.' என் கைடு சார் இன்றே கம்பெனிக்கு அனுப்பிவிட்டார். என் முனைவர் பட்டத்துக்கு இதுதான் கடைசி அத்தியாயம்.

வாங்க: துவரம்பருப்பு, அம்மாவுக்கு பி.பி. மாத்திரை.

செப். 14, ஞாயிறு

ஆராதனை. பிரசங்கம் நீளம். அண்ணன் மனைவி, மதினி வைத்த கறிக்குழம்பு.

மதினிக்கு அதே கம்பெனியில்தான் வேலை, பட்டாசுக் குழாயில் மருந்து செலுத்துவது. பன்னிரண்டு வருடம். ஞாயிற்றுக்கிழமைகூட நகக்கண்ணில் வெள்ளிப்பொடி. சரிவைப் பற்றிப் பெருமையடித்தேன். பித்தளை வழவழவென்று இருக்கும், ஒரு பொட்டு ஒட்டாது என்றேன். மதினி குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னார்:

"மொத லோடுதான் தகட்டு மேல போகும் மெர்சி. அதுக்கப்புறம் மருந்து மேலதான் மருந்து போகும்."

கம்ப்யூட்டரில் சுவருக்கு நான் என்ன உராய்வு கொடுத்தேன்?

செப். 15, திங்கள்

மேகமூட்டம். துளி இல்லை. முதல் பஸ், நேராக லேப்.

பார்த்தேன். காற்றுக்குச் சுவர் நிபந்தனை சரி. தூளுக்கு எதுவுமே கொடுக்கவில்லை. மென்பொருள் தானாக வைத்திருந்த 'உராய்வு இல்லை' அப்படியே. ஒரே ஒரு கட்டம். ஆறு மாதமாகத் தினமும் திறந்து மூடுகிற பக்கம். உராய்ந்தால் மருந்து பற்றிவிடும் என்று பயந்து செருப்பைக் கழற்றிவிட்டு வேலைக்குப் போகிற ஊர்க்காரி நான். வெட்கக்கேடு.

உராய்வு கொடுத்து, தகட்டில் ஏற்கெனவே தூள் படிந்ததாக வைத்து மறுபடி ஓட்டினேன். மாலை 4. வளைவில் விரல் தடிமனுக்குத் தேக்கம்.

சார் மதுரையில். போனில் சொன்னேன். அறிக்கையைத் திரும்ப வாங்கினால் பட்டம் அடுத்த வருடம்தான், யோசித்துச் செய் என்றார். யோசிக்க என்ன இருக்கிறது. கம்பெனி போர்மேனுக்கு நானே போன்.

"காலைலயே மூணு லோடு ஓட்டிப் பாத்தாச்சு டீச்சர். நீக எழுதுனத சரிவு பக்கத்துலயே ஒட்டி வச்சிருக்கோம்."

இனி ஓட்ட வேண்டாம், அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள் என்றேன். சரி என்றார். வளைவில் தேங்கியதா என்று கேட்டேன். தேங்கியதாம், எடுத்துவிட்டார்களாம். யார் எடுத்தது என்று கேட்காமலேயே போனை வைத்தேன்.

ஆறு மணி. தெருமுனையில் கம்பெனி வேன். மதினி இறங்கினார். வலது கை, கழுவியும் போகாமல், முழங்கை வரை வெள்ளிப்பொடி. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு தெருவிலேயே அழுதேன்.

"மூணாவது லோடு கொறச்சலா வந்துச்சு. வழக்கமா அங்கன கைய விட மாட்டேன். உள்ள ஒன்னும் இல்லன்னு நீ எழுதியிருந்தேல்ல, அதான் பயப்படாம விட்டேன்."