உம்முடைய பாட்டுகளை நான் சுருக்கிய கதை

போன கிழமை அந்தப் பிஸ்கட் பேணியைத் திறந்தேன். மூடி விலகியதும் ஒரு நாற்றம் வந்தது பாரும், ஓங்காளம் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். ஈரம் பிடிக்கக்கூடாது என்று நீர் போட்டுவைத்த அரிசி முழுவதும் வண்டு. வண்டு தின்ற மாவு கட்டிகட்டியாய் ஒட்டிக் கிடக்க, நடுவில் ஒரு செத்த கரப்பான். அதற்கும் கீழே உம்முடைய ஹார்ட் டிஸ்க். துடைத்து எடுத்துவிட்டு இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினேன். மணம் போகவில்லை. என்னில் இருந்துதான் வருகிறதோ என்று யோசித்தேன். நான் செய்த வேலையை நினைத்தால் அப்படி வந்தாலும் பிழையில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீர் கடலுக்குப் போவதில்லை, நான் கடை திறப்பதில்லை. பூசை முடிந்து, சாப்பிட்டு, மாண்டலினை முதுகில் கட்டிக்கொண்டு ஊர்காவற்றுறையில் இருந்து மோட்டார் சைக்கிளில் வேலணைக்கு எங்கள் வீட்டுக்கு வருவீர். என் மூத்தவள் பாடுவாள், நீர் வாசிப்பீர், நான் தாளம் போடுவேன். பாட்டு முடிந்த பிறகும் என் கை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் ஓயும். நீர் சிரிப்பீர். பிரான்சில் இருந்து உம்முடைய மகன் அனுப்பிய சின்ன ரெக்கோடர் நடுவில் ஒரு கதிரையில் குந்தியிருந்து எல்லாவற்றையும் பதியும், என் உபரித் தட்டு உட்பட.

பதிந்ததை எப்படி வைப்பது என்பதில் உமக்கு ஒரு பிடிவாதம். சுருக்காமல் வேவ் கோப்பாகத்தான் வைக்கவேண்டும். அது இடத்தை விழுங்குகிறது, கனடாவில் இருக்கிற என் தமையனுக்கு அனுப்பினால் போய்ச்சேர ஒரு பகல் எடுக்கிறது என்று நான் முணுமுணுத்தேன். “வைக்கிறது வேற, அனுப்புறது வேற” என்றீர். பெரியதை வீட்டில் வைத்துக்கொண்டு, அனுப்புவதற்கு மட்டும் அதில் இருந்து ஒரு எம்பி3 எடுக்க வேண்டுமாம். ஓஎல் பரீட்சையில் கணிதத்தை இரண்டு தரம் எழுதிய தலைக்கு அது ஏறவில்லை என்று என் முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டீர்.

“இடம் காணாட்டி ஃபிளாக் எண்டு ஒண்டு இருக்கு, அதுக்கு மாத்தலாம். அது இடுப்பில கட்டுற சாரத்தை மடிச்சுப் பெட்டிக்குள்ள வைக்கிற மாதிரி. எம்பி3 எண்டது சாரத்தை வெட்டிப்போட்டு வைக்கிறது.”

நான் தலையாட்டினேன். எனக்குத் தலையாட்டத்தான் நன்றாக வரும், அதுவும் தாளத்துக்கு இல்லை.

உம்முடைய வீடு கடலோரம். உப்புக் காற்று எதையும் விட்டுவைக்காது என்று இரண்டு வருடத்துப் பதிவுகளையும் ரெக்கோடரில் இருந்து டிஸ்க்கில் ஏற்றி, பேணியில் போட்டு, என்னை நம்பி என் அலுமாரியில் வைத்துவிட்டுப் போனீர்.

பிறகு என் சின்னவள் பெரியபிள்ளையாகி, அவளின் சாமத்திய வீடு வந்தது. அந்த வீடியோவை இப்போது பார்த்தால் சத்தி எடுக்க வருகிறது. சோற்றுத் தட்டுகளுக்கு மேலே கமரா பறக்கிறது. புகைக்குள் இருந்து நான் கோட்டுப் போட்டுக்கொண்டு, ஏதோ நாட்டைப் பிடித்தவன் மாதிரி நடந்து வருகிறேன். வேலணை வெயிலுக்கு எதற்கையா கோட்டு? அதே நடையை நாலு பக்கத்தால் எடுத்திருக்கிறார்கள். கண்டறியாத வீடியோ. அதன் கோப்புகளை வைக்க இடம் போதவில்லை. உம்முடைய டிஸ்க்கை எடுத்தேன். இணையத்தில் இறக்கிய ஏதோ ஒரு மென்பொருளில் உம்முடைய ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டினேன். தரம் எவ்வளவு என்று அது கேட்டது. ஆகக் குறைந்ததைத் தட்டினேன். எம்பி3 வந்ததும் வேவ் எல்லாவற்றையும் அழித்தேன். பாட்டு பாட்டுத்தானே, அழியவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மிஞ்சிய இடத்தில் என் கோட்டு நடையைக் குறையாத தரத்தில் சேமித்தேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டபோதுதான் விளங்கியது. கம்பியின் அதிர்வு மெல்ல அடங்கும் இடமெல்லாம் யாரோ தண்ணீருக்குள் வாய் கொப்பளிப்பது போல் இருந்தது. மகளின் ‘ச’ எல்லாம் எண்ணெயில் பொரிந்தது. அரியண்டம். பேணியை மூடி அலுமாரியின் அடியில் தள்ளிவிட்டேன். உமக்குச் சொல்லவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து, வள்ளத்தைக் கரைக்கு இழுத்த கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் இருந்தீர். எழும்பவில்லை.

பத்திரங்கள் சரிவராததால் உம்முடைய மகனுக்குச் செத்த வீட்டுக்கு வர ஏலாமல் போய்விட்டது. போன கிழமை அவன் தொலைபேசியில் எடுத்தான். முப்பத்தோராம் நாள் இங்கே பூசை நடக்கும் நேரம் அங்கே நல்ல ஸ்பீக்கர் பெட்டிகளில் அப்பாவின் வாசிப்பைப் போட்டுவிட்டு இருக்கப்போகிறானாம். “அனுப்பின சின்னக் கோப்பெல்லாம் என்னட்டை இருக்கு மாமா. அப்பா பெரிசெல்லாம் உங்களிட்டைத்தான் இருக்கெண்டு சொன்னவர்” என்றான். ஓம் தம்பி என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

அதற்குப் பிறகு செய்ததுதான் ஆக மோசம். எம்பி3யை மறுபடி வேவ் ஆக்கினேன். கோப்பு ஊதிப் பெருத்தது. அப்பாடா, பழையபடி வந்துவிட்டது என்று மெய்யாகவே சந்தோஷப்பட்டேன். கேட்டுப் பார்க்கவும் இல்லை, அனுப்பிவிட்டேன். அடுத்த நாள் அவன் அமைதியாகச் சொன்னான்: “மாமா, கோப்புத்தான் பெரிசு. உள்ளுக்கு வாய் கொப்பளிக்கிற மாதிரி ஒரு சத்தம்தான் இருக்கு.” பிழையானதை அனுப்பிவிட்டேன், தேடித் தருகிறேன் என்று மறுபடியும் ஒரு பொய்.

நேற்று உம்முடைய வீட்டுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று கதை கட்டிக்கொண்டு போனேன். டிஸ்க் பழுதாய்ப் போச்சு, உப்புக் காற்று தின்றுவிட்டது, இப்படி. உம்முடைய மனைவி குசினியில் இருந்து தேத்தண்ணியோடு வந்தா. அதைக் கையில் வாங்கியதும் கட்டின கதை எல்லாம் வாயில் நின்றுவிட்டது. நான்தான் அழித்தேன் என்று சொன்னேன்.

அவ முன்னால் கிடந்த கதிரையைப் பார்த்தா. பிறகு சொன்னா:

“அவருக்குத் தெரியும் அண்ணை. நீங்கள் கடையில நிண்ட நேரம் ஒருக்கா உங்கட வீட்டை வந்தவர். ஒரு பாட்டு எடுக்க. உங்கட மூத்த பிள்ளை கொம்பியூட்டரில போட்டுக் காட்டினது. வந்து இந்தக் கதிரையில இருந்து, எல்லாத்தையும் வெட்டிப்போட்டான் எண்டு சொன்னவர். போய்க் கேளுங்கோவன் எண்டனான். கேட்டா வெக்கப்படுவான், திருப்பிப் பதிஞ்சாச் சரிதானே எண்டவர்.”

திருப்பிப் பதிந்தால் சரிதானே. அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றொன்றாய்த் தட்டுப்பட்டது. புதுக் கம்பி போட்டிருக்கிறேன், சத்தம் வேறு மாதிரி, பழைய பாட்டுகளை இன்னொரு தரம் பதிவோமா என்று ஒரு ஞாயிறு கேட்டீர். பிள்ளையின் குரல் இப்போது நன்றாக விளைந்திருக்கிறது, பதிவோமா என்று இன்னொரு ஞாயிறு. மூன்றாம் தரம் ஒரு காரணமும் சொல்லாமல் ரெக்கோடரை எடுத்துக் கதிரையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தீர். புதிதாகப் பதிந்தால் அதை ஏற்ற டிஸ்க்கைக் கேட்பீரே என்று எனக்குப் பயம். “ஏனப்பா, எல்லாம் இருக்குத்தானே” என்றேன். மூன்று தரமும் அதைத்தான் சொன்னேன். நீர் ரெக்கோடரைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டு வாசித்தீர். அன்றைக்கு வாசித்தது மாதிரி நீர் ஒரு நாளும் வாசித்ததில்லை. அது எந்தக் கோப்பிலும் இல்லை.

அங்கே இருந்தபடியே மகனுக்கு அழைத்து உண்மையைச் சொன்னேன். “சரி மாமா, இருக்கிறதைப் போடுறன்” என்றான். அவ்வளவுதான். உம்முடைய பிள்ளையும் உம்மைப் போலத்தான்.

உம்மிலும் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. நான் வெட்கப்படக்கூடாதென்று இரண்டு வருடத்துப் பாட்டைக் கைவிட ஒரு மனிசனால் ஏலுமா? ஒருக்கா ஏசியிருந்தால் போதும். நான் ஒரு கிழமை முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்திருப்பேன், அடுத்த ஞாயிறே எல்லாவற்றையும் திருப்பிப் பதிந்திருப்போம்.

இப்போது நீர் ஏசாமல் விட்ட ஏச்சை நான் சுமந்து திரிகிறேன். கடையில் சாமான் நிறுக்கும்போது, உம்முடைய குரலில் எனக்கு நானே ஏசிப் பார்க்கிறேன். சரியாக வருவதில்லை. நீர் ஏசி நான் ஒரு நாளும் கேட்டதில்லை.