நப்லுஸ் கேட்ட தேதி

நப்லுஸ்,
பிப்ரவரி 2

என் கண்ணான தம்பி வஸ்ஃபிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம். நீயும் பிள்ளைகளும் சுகம் என்று நம்புகிறேன். நம்பத்தான் வேண்டியிருக்கிறது, போன மாதம் முழுக்க உன் முகத்தை டிவியில்தான் பார்த்தேன். மெலிந்துவிட்டாய்.

தலைவர் அம்மான் நகரத்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார் என்று தெரிந்ததிலிருந்து கடைகளில் மாவு மூட்டை தங்குவதில்லை. அடுத்த தலைவர் நீயா, உனக்குப் போட்டியாக நிற்கும் தல்அத்தா என்று சலூனில்கூடச் சண்டை. "வஸ்ஃபி உக்காந்தா தல்அத் ஆளுங்க சும்மா இருப்பாங்களா? துப்பாக்கியத் தூக்கிட்டு வந்துருவாங்க" என்று மிட்டாய்க் கடைக்காரர் என்னிடமே சொல்கிறார், நான் உன் அக்கா என்று தெரிந்தே.

ஸுஹ்தியின் டாக்ஸியில் நீ கொடுத்தனுப்பிய கடிதம் கிடைத்தது. போனில் பேசினால் பத்துப் பேர் ஒட்டுக்கேட்பார்கள் என்கிறாய், சரி. ஆனால் நீ கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. துப்பாக்கி ஏந்திய பழைய நகரத்துப் பையன்கள் உன் மச்சான் பேச்சைத்தான் கேட்பார்கள். அதனால் அவருக்குச் சோறு போடும்போது உன் பக்கம் சாயும்படி நான் மெல்லக் கரைக்க வேண்டுமாம். நான் உனக்கு அக்காவா, தரகரா? பெரியவர்களை அழைத்துக்கொண்டு முறையாக வீட்டுக்கு வந்து கேள்.

உன் அக்கா,
நுஹா

ராமல்லா,
பிப்ரவரி 5

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். உன் திட்டு கிடைத்தது, மனசு லேசானது.

தலைவர் விலகினால் சபாநாயகர் பொறுப்பேற்க வேண்டும், பிறகு தேர்தல் என்று சட்டத்தில் இருக்கிறது. சபையே கலைந்து வருஷக்கணக்காகிறது, சபாநாயகருக்கு எங்கே போவது? பின்னால் வந்த ஆணைகளுக்கு ஆளுக்கொரு அர்த்தம் சொல்கிறார்கள். கட்சிக் குழுவில் பெரும்பாலோர் என் பக்கம். ஆயுதக்காரர்கள் தல்அத் பக்கம். நப்லுஸ் அமைதியாக இருந்தால் அவர் அடங்கிவிடுவார். இல்லையென்றால் நம் பிள்ளைகள் நம் பிள்ளைகளையே சுடுவார்கள். இதைப் பதவிக்காகச் சொல்லவில்லை. கொஞ்சம் அதற்காகவும்தான், உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஹாஜி மிஸ்பாஹ் தலைமையில் வருகிறோம். அபூ யஸன் மச்சானுக்கு ஸலாம் சொல்.

உன் தம்பி,
வஸ்ஃபி

நப்லுஸ்,
பிப்ரவரி 10

வஸ்ஃபி,

ஸலாம் சொல்லிவிட்டுத்தான் திட்ட வேண்டும், அதனால் ஸலாம்.

என்ன காரியம் செய்தாய்? கேட்க வந்த காரியம் கைகூடும்வரை காபிக் கோப்பையைத் தொடக்கூடாது என்பது பெண் கேட்டுப் போகிற எந்த வீட்டாருக்கும் தெரியும். ஹாஜி தொடவில்லை. கூட வந்த ஒருவரும் தொடவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மச்சான் நல்லபடியாகத்தான் ஆரம்பித்தார்.

"பசங்கள நான் பாத்துக்கறேன் வஸ்ஃபி. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. தேர்தல் எப்போ? தேதி சொல்லு."

அப்போதுதான் நீ கோப்பையை எடுத்து மடமடவென்று குடித்தாய். ஹாஜியின் முகம் செத்துவிட்டது.

"குடிச்சாச்சா? அப்ப கேக்க வந்தது ஒண்ணுமில்லன்னு ஆச்சு" என்று மச்சான் எழுந்துவிட்டார்.

"ஆபீஸ் பழக்கம்ப்பா, பேசப் பேசக் குடிப்பாங்க. மனசுல வச்சுக்காதீங்க" என்று ஹாஜி சமாளித்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏண்டா பள்ளிக்கூடம் போகவில்லை என்று அப்பா கேட்டால் முழு ரொட்டியையும் வாயில் திணித்துக்கொள்கிற ஆள் நீ. பதில் இல்லை, அதனால் வாயை அடைத்துக்கொண்டாய்.

மச்சான் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார். ஒரு தேதி எழுதி அனுப்பு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா

ராமல்லா,
பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

தேதி என்பது நீ நினைப்பதுபோல் இல்லை. ஜெருசலேமில் ஓட்டுப் பெட்டி வைக்க விடுவார்களா? காஸா என்ன ஆகும்? இப்போது தேர்தல் வைத்தால் நாங்கள் ஜெயிப்போமா என்பதே சந்தேகம். முதலில் நாடு நிலைக்கட்டும், மற்றதைப் பிறகு பேசலாம்.

மச்சானுக்கு என் மரியாதை எப்போதும் உண்டு. நப்லுஸ் ஆளுநர் பதவி காலியாக இருக்கிறது. அவரைவிடப் பொருத்தமானவர் யார்? நீயே பக்குவமாக எடுத்துச் சொல்.

உன் தம்பி,
வஸ்ஃபி

நப்லுஸ்,
மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

தலைவர் விலகியதையும் நீ பொறுப்பேற்றதையும் டிவியில் பார்த்தோம். வாழ்த்துகள், மனதாரத்தான் சொல்கிறேன். அம்மா இருந்திருந்தால் தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்திருப்பாள்.

இங்கே ஒரு குண்டு வெடிக்கவில்லை. ஏன் தெரியுமா? அன்று காலையிலேயே மச்சான் பழைய நகரத்துக்குப் போய்ப் பையன்களைக் கூட்டினார். "எங்க ஓட்டு எங்க, மாமா?" என்று அவர்கள் மறித்திருக்கிறார்கள். "தேர்தல் வரும். பெருநாளுக்குள்ள தேதி சொல்லுவான். என் முகத்து மேல" என்றாராம்.

தன் முகத்தைப் பிணை வைத்தவன், மற்றவன் தவறினால் ஊரில் தலைகாட்ட முடியாது. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ கேட்காமலே உனக்காகப் பிணை நின்றிருக்கிறார். "அவனுக்காக இல்ல. தெருவுல செத்தா சாகறது நம்ம பசங்க" என்றார். ஆளுநர் பதவியைச் சொன்னேன், சிரித்துவிட்டுத் தொழப் போய்விட்டார்.

எனக்குக் கல்யாணமானதிலிருந்து எந்தப் பெருநாளுக்கும் நீ வராமல் இருந்ததில்லை. சிறையில் இருந்தபோதுகூட உன் பெயரைச் சொல்லி யாராவது வந்து கதவைத் தட்டினார்கள். உடன்பிறந்தவன் வராத பெண்ணை இந்தத் தெரு எப்படிப் பார்க்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். தேதியை அறிவித்துவிட்டு வா, இல்லையென்றால் வராதே. காவல் வண்டிகளோடு வந்து நீ இங்கே விருந்து சாப்பிட்டால், மச்சானும் சேர்ந்துதான் ஏமாற்றினார் என்று பையன்கள் நினைப்பார்கள்.

இதை எழுதும்போது அழுகை வருகிறது. ஆனாலும் எழுதியதை மாற்றப்போவதில்லை.

உன் அக்கா,
நுஹா

நப்லுஸ்,
பெருநாள் அன்று

தம்பிக்கு,

பெருநாள் வாழ்த்துகள். அந்தி சாய்ந்து மஃரிப் தொழுகை வரை கதவைத் திறந்தே வைத்திருந்தேன். செய்தியும் ஓடிக்கொண்டிருந்தது. நீ எல்லோருக்கும் வாழ்த்துச் சொன்னாய், நிலைத்தன்மை பற்றி நிறையப் பேசினாய்.

நீ கொடுத்தனுப்பிய பெருநாள் பரிசுப் பெட்டியை ஸுஹ்தி கொண்டுவந்தான். "வாங்கிக்க நுஹா, உன் தம்பிதானே" என்று மச்சான் சொன்னார். நான் வாங்கவில்லை. திருப்பி அனுப்பியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நாளைக் காலையில் பழைய நகரத்துப் பையன்களுக்குப் பதில் சொல்ல மச்சான் போகிறார். ஆண்கள் கூடுகிற இடம் என்று என்னை வர வேண்டாம் என்கிறார். நானும் கூடப் போகிறேன்.

உன் அக்கா,
நுஹா