மூன்றாவது தட்டு

தவக்காலம், நான்காம் வெள்ளி. காலை 6.10

இயேசு மரி சூசை துணை.

காற்று சரி. குடிநீர் சரி. சுத்தபோசன நாள், இறைச்சி கிடையாது, பயற்றங்கஞ்சி.

இந்தக் குறிப்பேட்டை எடுப்பவர் கடலடி வேலை அறியாதவராக இருக்கலாம். நாங்கள் இருக்கும் இரும்புக் குடில், கட்டிக்கொண்டிருக்கும் அலைத்தடுப்புச் சுவரோடு சேர்ந்தது. வெளியே சுவர் கட்டுபவர் என் கணவர் கஸ்பார். சமையல், காற்று, கூலிக் கணக்கு மூன்றும் என் பொறுப்பு.

கல்லும் சிமெண்டும் கிடையாது. தேங்காய் அளவு களிப்பந்துகள்தாம். வெள்ளைப் பந்தில் சிப்பியின் விந்தணு, சிவப்பில் கருமுட்டை. இரண்டும் மெதுவாக மோதினால் இடையிலுள்ள நீர் விலகி, தோல் கரைந்து ஒன்றாகும். அதன்பின் தொட்டதை விடாது. விடிவதற்குள் ஓடு கட்டிக் கல்லாகும். வலைகளில் கட்டிவைத்த பந்துகளை அவர் ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரில் எறிவார். வேகமாக மோதினால் துள்ளி விலகிவிடும். கரையிலிருந்து வந்த காகிதங்களை வாசித்து நானாகத் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்.

காலை 10.40

கரையிலிருந்து மேற்பார்வையாளர் தாமோதரன்:

"அம்மா, இன்னைலேர்ந்து எறிஞ்ச பந்துக்குக் கூலி கிடையாது. ஒட்டினதுக்கு மட்டும்தான். சுவர்ல ஓடுற கம்பியே எண்ணிடும், உங்க குடில் பலகையில நம்பர் வரும். உங்களுக்குக் கணக்கு எழுதுற வேலை மிச்சம்!"

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எறிவதில் பாதி துள்ளிப்போகும். கூலியும் பாதிதான்.

அந்தக் கம்பி எங்கள் குடிலின் மேலும் கதவின் மேலும் ஓடுகிறது. எது ஒட்டினாலும் எண்ணும்.

பகல் 2.15

தலைக்கவச வானொலியில் அவர்:

"ஏளா ரெஜினா, நீரோட்டம் அடங்குததும் எல்லா வலையையும் தொறந்து விட்டுரப் போறேன். அதுகளே மெதுவா மோதி ஒட்டிக்கிடும். அவன் பலகை எண்ணியே சாவட்டும்."

"வேண்டாங்க. ஒட்டினது எங்க போயி அண்டும்னு யாருக்குத் தெரியும்? வெள்ளிக்கிழமை வேற."

"வெள்ளிக்கிழமைன்னு கஞ்சியத்தான ஊத்துன. அதுக்காவது கூலி வேணும்லா."

ஜெபமாலை எடுத்தேன். இரண்டாம் மணியிலேயே எண்ணிக்கை தப்பியது. எழுந்து நடந்தேன். அடுப்பைத் துடைத்தேன். துடைத்ததையே மறுபடி துடைத்தேன்.

பகல் 3.30

திறந்துவிட்டார். பலகையில் எண் ஓடுகிறது. ஒரு வாரக் கூலி அரைமணியில்.

சத்தம் குடில்மேல் கேட்கிறது. தொப். தொப். ஈரமாவை அறைவதுபோல. ஒவ்வொரு தொப்புக்கும் ஒரு எண்.

பந்துகள் ஏன் இங்கே வருகின்றன?

பகல் 3.50

புரிந்தது. காற்று இயந்திரம் காற்றைப் பிரிக்கக் கடல்நீரை உறிஞ்சுகிறது. நீரோடு பந்துகளும் வருகின்றன. அதை நிறுத்தினால் உள்ளே இருக்கும் காற்றுதான் எனக்கு.

நிறுத்திவிட்டேன்.

"ரெஜினா, வாரேன். கையுறையெல்லாம் ஒரே பிசினு. நீ கதவுகிட்ட நில்லு. மூணு தட்டுக்கு முன்ன தொறந்திராத, அதுக உள்ள வந்திரும், கேட்டியா? கஞ்சி இருக்கா, இல்ல அதையும் மாதாவுக்குப் படைச்சிட்டியா..."

வானொலி அறுந்தது. கூரையிலுள்ள வானொலிக் கம்பத்தையும் பந்துகள் மூடியிருக்கும். கரையோடும் பேச வழியில்லை.

மாலை 4.20

மூன்று தட்டு என்பது எங்கள் வழக்கம். மீன்கள் கதவில் இடிக்கும். அதனால் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்று தட்டினால்தான் திறப்பேன். அவர் முதுகுச் சிலிண்டர் ஏழு மணி வரை வரும்.

தொப். எண் ஏறியது. பந்து.
தொப். தொப். இரண்டும் ஏறின. பந்துகள்.

ஆண்டவரே, கை எது, பந்து எது?

மாலை 5.05

பலகைதான் சொல்ல வேண்டும். கை ஒட்டாது, எண் ஏறாது. நீரோட்டம் அடங்கிவிட்டது, துள்ளுகிற வேகத்தில் எந்தப் பந்தும் வராது. ஆகவே எண் ஏறாத தட்டு அவர் தட்டு.

கண் எடுக்காமல் பார்க்கிறேன். இந்தப் பலகையைக் காலையில் சபித்தேன்.

மாலை 5.40

தொப். எண் ஏறவில்லை. பிதா.
தொப். ஏறவில்லை. சுதன்.
நெம்புகோலைப் பிடித்துக்கொண்டேன்.
தொப்.
எண் ஒன்று ஏறியது.

கை ஒட்டிக்கொண்டது. கையுறைப் பிசின்.

நெம்புகோல் அசையவில்லை. முழு உடம்போடு தொங்கினேன். கதவு விளிம்பு முழுக்கப் பந்துகள். அம்மிக் குழவியால் அடித்தேன். "இருக்கேங்க, இங்கதான் இருக்கேன்" என்று கத்தினேன். கேட்டிருக்காது.

மாலை 6.15

மறு கையால் தட்டினார். பிதா. சுதன். அந்தக் கையும் ஒட்டியது. இன்னொரு எண் ஏறியது.

இப்போது வேறு சத்தம். டக். கவசத்தின் கண்ணாடி. நெற்றியால் தட்டுகிறார். டக்.

மூன்றாவது தட்ட வேண்டாங்க. போதும். எனக்குத் தெரியும். தட்டா

6.50

எண் ஒன்று ஏறியது. கவசமும் ஒட்டிவிட்டது. அதன்பின் ஏறவில்லை.

தலை கனக்கிறது. எழுத்து கோணுகிறது. கதவில் கன்னத்தை வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் அதே உயரம்.

எடுப்பவருக்கு. வெளியிலிருந்து வெட்டும்போது கதவருகே மெதுவாக. கூலிக் கணக்கில் கடைசி மூன்றைக் கழித்துக்கொள்ளுங்கள். அது சுவர் இல்